புதன்கிழமைப் பிற்பகலைத் திறந்து வையுங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்த் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும், பங்குத்தந்தையர்களுக்கும், ஆலயக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் உங்கள் சபைகள் எதையும் சேர்ந்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பெரும்பாலும் ஜூரோங் ஈஸ்ட் அருள்மிகு முருகன் கோயிலில் நின்றுகொண்டிருப்பேன். ஆனாலும் இந்த மடலை உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. என் மகன் இந்த நாட்டில் முதன்முதலாக ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசியது உங்களில் ஒருவருடைய ஆலயத்தின் பின்னறையில்தான். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் புதன்கிழமைப் பிற்பகல்களில் பாடம் சொல்லிக் கொடுத்த அந்த அறை சென்ற ஆண்டு மூடப்பட்டது. யாரும் சண்டையிட்டு மூடவில்லை. நடத்திவந்த இரண்டு பெண்களுக்கும் வயதாகிவிட்டது, அவர்களுக்குப் பின் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் நின்றது, பிறகு ஒரு மாதம் நின்றது. இப்போது அங்கே மடக்கிய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த அறை மறுபடி திறக்க வேண்டும் என்று கேட்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. அதைப் போன்ற அறை உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல்களில் அது பூட்டியே கிடக்கிறது.

நாங்கள் 2010 டிசம்பரில் இங்கே வந்தோம். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. மகனுக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் நான்காம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. வந்த மறுவாரமே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் இடையில் சேர வேண்டுமானால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அந்த ஆண்டுக்கான தேர்வு முடிந்துவிட்டது, தேர்ச்சி பெற்றாலும் காலியிடம் இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்தை எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆக, ஓராண்டுக்கு மேல் என் மகன் வீட்டில் இருந்தான்.

கட்டாயக் கல்விச் சட்டம் இங்கே 2003 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்கானது. ஒன்பது வயது வெளிநாட்டுப் பையன் ஒருவன் பள்ளிக்குப் போகாமல் பதினோராம் மாடியில் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. காலையில் சீருடை அணிந்து போகும் பிள்ளைகளை அவன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். மே மாதத்தில் ஒரு நாள் மின்தூக்கியில் ஏற மறுத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண்மணி ‘ஹலோ’ சொல்லி ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பதினொரு மாடியும் படியிறங்கி வந்தான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது நான் அவனை ஏதோ அதட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்து, “திருநெல்வேலிப் பக்கமா நீங்கள்? எங்கள் அப்பாவுக்கு நாசரேத்” என்றார். இங்கேயே பிறந்து, இங்கேயே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் ஏன் பள்ளியில் இல்லை என்று கேட்டார். சொன்னேன். “புதன்கிழமை இரண்டரை மணிக்குக் கூட்டி வாருங்கள்” என்றார்.

அந்த அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்கள் குழுக் கூட்டங்களில் இப்படிப்பட்ட பேச்சு எழும்போதெல்லாம் பெரிய கட்டடம், பெயர்ப்பலகை, சம்பள ஊழியர், ஆண்டு அறிக்கை என்று கற்பனை விரிந்துவிடுகிறது. பிறகு அந்தச் செலவைக் கண்டு எல்லாரும் பின்வாங்கிவிடுகிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. நீளமான இரண்டு மேசைகள். துணி போர்த்திய பழைய பியானோ. ஒரு வெள்ளைப் பலகை. ஒரு சுடுநீர்க் குடுவை, மைலோ என்ற சத்துப்பானம், கிரீம் தடவாத பிஸ்கட். ஏழெட்டுப் பிள்ளைகள். பின்னால் ஒரு மூலையில் தாய்மார்களுக்கு ஒரு வட்ட மேசை. அந்த வட்ட மேசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

என் மகனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் இங்கே தொடக்கப்பள்ளிக் கணக்கு வேறு விதம். ஒரு பத்தி நீளத்துக்குக் கதை சொல்லி, அதைக் கட்டங்களாக வரைந்து, ஒரு பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதல் நாள் அவன் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அழுதான். அந்த ஆசிரியை அவனைத் தேற்றவில்லை. ‘ஆல்டுகெதர்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “இது மொத்தம். இந்த ஒரு சொல் தெரிந்தால் இந்தக் கணக்கு உனக்கு வரும், போடு” என்று தமிழில் சொன்னார். போட்டான். சரியாக வந்தது. ‘ரிமைண்டர்’ என்றால் மீதி, ‘ஈச்’ என்றால் ஒவ்வொன்றும், ‘அட் ஃபர்ஸ்ட்’ என்றால் முதலில் இருந்தது. ஒரு குறிப்பேட்டில் இப்படி இருபது முப்பது சொற்கள். அவனிடம் இல்லாதது கணக்கறிவு அல்ல, அந்த முப்பது சொற்கள்தான். அதைத் தமிழ் தெரிந்த ஒருவரால்தான் ஒரே பார்வையில் கண்டுபிடிக்க முடிந்தது. கட்டணம் வாங்கும் துணைப்பாட நிலையம் ஒன்றில் ஆங்கிலத்திலேயே மூன்று மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு, பையன் மந்தம் என்று எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

இதனால்தான் குறிப்பாகத் தமிழ்ச் சபைகளுக்கு எழுதுகிறேன். இந்த ஊரில் ஆங்கிலத்தில் நல்லது செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைக்கு, அவன் ஏற்கெனவே அறிந்திருப்பதை அவன் மொழியிலேயே கேட்டு, அங்கிருந்து கைபிடித்து அழைத்துப் போக உங்களால் முடியும். மொழியோடு இடமும் ஆளும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்திருக்கும் இடம் இங்கே அதிகம் இல்லை.

இப்போது வட்ட மேசை. அங்கே உட்கார்ந்த தாய்மார்களில் என்னைப் போல, கணவரின் வேலையைச் சார்ந்து கிடைக்கும் சார்ந்திருப்போர் அட்டையில் வந்தவர்கள் பாதி. இங்கே பிறந்து வளர்ந்த தமிழரை மணந்து, நீண்டகால வருகை அட்டையில் வந்தவர்கள் மீதி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு கூட்டமும் ஒன்று போலத் தெரியும். இரண்டின் கஷ்டமும் வேறு வேறு. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் ஒன்றில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வர இன்று மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்க வேண்டும். 6,000 வெள்ளி என்றதும் இவர்களுக்கு எதற்கு உதவி என்று கேட்பவர்கள் உண்டு. வாடகை கட்டி, ஊருக்குப் பணம் அனுப்பி, எந்த மானியமும் இல்லாத பாலர் பள்ளிக் கட்டணம் கட்டிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த மனைவிக்கு வேலைக்குப் போகவும் வழி குறுகிவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால், முன்பு போல ஒப்புதல் கடிதம் போதாது. தனக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி பெற வேண்டும். படித்த பெண்கள், ஊரில் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர்கள், நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டத்தில் பிள்ளை குடிமகன், தகப்பன் குடிமகன், தாய் மட்டும் வெளிநாட்டவர். பல வீடுகளில் தகப்பனின் ஒற்றைச் சம்பளம். பிள்ளைக்கு உரிய மானியங்கள் சட்டப்படி உண்டு. ஆனால் அவற்றுக்கு எங்கே எழுத வேண்டும், எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்பது தாய்க்குத் தெரியாது. தகப்பன் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறான். அப்படி ஒரு பெண் அந்த மேசையில் என் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தாள். மன்னார்குடிப் பக்கம். பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் பிரிக்காமலே ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை அந்த டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள். நாங்கள் நான்கு பேர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னோம். இரண்டு கடிதங்கள் பிள்ளையின் கண் பரிசோதனை பற்றியவை. ஓராண்டுக்கு முந்தையவை. அந்தப் பெண்பிள்ளை ஓராண்டாகக் கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு நான் அதே மேசையில் உதவுகிறவளாக ஆனேன். பள்ளி பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியைத் திறக்கக் கற்றுக் கொடுத்தேன். 2019 பிப்ரவரிக்குப் பிறகு வந்த குடும்பங்களுக்கு, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் நீண்டகாலம் இங்கே தங்குவதற்கு முன் தொண்டை அடைப்பான், தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று காட்ட வேண்டும் என்றானபோது, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் மங்கிப்போன கையெழுத்தை எல்லாரும் சேர்ந்து படித்திருக்கிறோம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எந்த வரிசையில் நிற்பது என்பது முதல், பையன் பள்ளியில் அடி வாங்கி வந்தால் ஆசிரியருக்கு என்ன எழுதுவது என்பது வரை அந்த மேசையில்தான் பேசினோம். குடும்பச் சேவை நிலையங்கள் இருக்கின்றன, நல்ல ஊழியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போவதற்கு முன்பே தன் பிரச்சினைக்கு ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். இந்த மேசைக்கு வரப் பிள்ளையைக் கூட்டி வந்தால் போதும்.

அரசை நான் குறை கூறவில்லை. பாலர் பராமரிப்பு மானியம் குடிமக்களான பிள்ளைகளுக்கு; மாணவர் பராமரிப்புக் கட்டண உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்; தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கடைசிக் கட்டத்தில். ஒரு நாடு தன் மக்களை முதலில் பார்ப்பது இயல்பு. நாங்களும் இன்று இந்த நாட்டு மக்கள்தான். இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை என் மகன் முடித்துவிட்டான். ஆனால் அரசு கோடு போட்டு நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிற்க வேண்டியதில்லை. திருச்சபைக்குக் குடியுரிமை ஏது? அந்நியரை வரவேற்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. பாளையங்கோட்டையில் திருச்சபை நடத்திய பெண்கள் பள்ளியில், நெற்றியில் திருநீற்றோடு நின்று, காலை வழிபாட்டில் அதை நான்தான் உங்களிடமிருந்து கேட்டுக்கொண்டேன்.

உங்கள் தொடக்கமும் இப்படிப்பட்ட ஓர் அறைதானே. 1887 ஆகஸ்டில், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில், சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒன்பது இந்தியச் சிறுமிகளை உட்கார வைத்துப் பாடம் தொடங்கினார். அதற்குத் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றுதான் பெயர். இன்று பெரிய பள்ளியாக நிற்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அந்த ஒன்பது பேரிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு, 1888இல், ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக லூர்து அன்னை ஆலயம் திறக்கப்பட்டது. கடல் தாண்டி வந்து, மொழி தெரியாமல் நின்ற மக்களுக்காக எழுந்தவை இவை. அப்போது வந்தவர்கள் உங்கள் பாட்டன்மார். இப்போது வந்திருப்பவர்கள் நாங்கள்.

இனி, பேசத் தயங்குகிற விஷயத்தைப் பேசிவிடுகிறேன். நான் முதல் புதன்கிழமை அங்கே போனதை ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது மாமியார் கேட்ட முதல் கேள்வி, “சர்ச்சுக்கா பிள்ளையைக் கூட்டிப் போகிறாய்?” என்பதுதான். எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது. இன்று உங்கள் வாசலில் வந்து நின்று திரும்பிப் போகும் இந்து, முஸ்லிம் தாய்மார்களுக்கும் இருக்கிறது. சமயங்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தடுக்கும் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இலேயே வந்துவிட்டது. அந்த எல்லைகள் உங்களுக்குத் தெரியும். நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கொடுத்த மைலோவுக்கு விலையாகப் பெற்றோரின் சாமியைக் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் ஒரு தடவை எழுந்துவிட்டால், அப்புறம் எத்தனை நல்ல மனது இருந்தாலும் அந்த அறைக்கு யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் ஒளித்துக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த இரண்டு பெண்களும் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். ஒரு நாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டே காலுக்குப் போய்விட்டேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருவரும் மேசையருகே கண்ணை மூடி நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். உதடு அசைந்தது, குரல் வெளியே வரவில்லை. முடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். “வாங்கம்மா, வெயிலில் நிற்கிறீர்களே” என்றார்கள். அதன் பிறகு மூன்று மணி நேரம் பாடமும் பிஸ்கட்டும்தான். ஞாயிறு பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. தின்பண்டம் எப்போதும் எல்லாப் பிள்ளையும் சாப்பிடக்கூடியதாகவே இருக்கும். அவர்களுடைய விசுவாசம் எவ்வளவு ஆழமானது என்று எனக்கு அன்று புரிந்தது. கையில் துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தால் புரிந்திருக்காது.

இது புதிய வழக்கமும் இல்லை. 1884இல் லண்டனின் கிழக்கே, ஏழைகளும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த வைட்சேப்பலில், சாமுவேல் பார்னெட் என்ற ஆங்கிலிக்கன் குருவும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் டாயின்பீ ஹால் என்ற அக்கம்பக்க இல்லத்தை, படித்தவர்கள் ஏழைகள் நடுவே தங்கி உதவும் இல்லத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் குருவானவர், இல்லமோ எந்தச் சமயப் பிரிவுக்கும் உரியதாக இல்லை. அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கப் பெண் ஜேன் ஆடம்ஸ், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889இல் சிகாகோவில் அதே போன்ற ஹல் ஹவுஸைத் திறந்தார். குடியேறிகள் நிறைந்த அந்தத் தெருவில் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பாலர் வகுப்பு. கதவைத் திறந்து வைத்தால் முதலில் உள்ளே வருவது பிள்ளைகள்தான், எந்த ஊரிலும்.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், முடியாவிட்டால் ஒன்று. தொடக்கப்பள்ளிகள் ஒன்றரை மணியளவில் விடும். இரண்டரைக்குத் திறந்தால் போதும். பள்ளி இடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுங்கள். தாய்மார்களுக்கு அந்த வட்ட மேசையைப் போடுங்கள். இடமில்லை என்று அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: இங்கே எந்தச் சமயத்தவரும் வரலாம், பிள்ளைகளுக்குச் சமய போதனை கிடையாது என்று. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறைக்குள் இருக்கக்கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக்குங்கள்.

பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ வைத்து முறையாகப் பாடம் நடத்துவதென்றால் கல்வி அமைச்சில் பதிவு வேண்டும். அதனால் எண்ணிக்கை கூடும்போது முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் வழி காட்ட உங்கள் குடும்பத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலிக்கன் சமூகச் சேவைகள் 1967 முதல், பிரஸ்பிட்டேரியன் சமூகச் சேவைகள் 1974 முதல், மெதடிஸ்ட் நலச் சேவைகள் 1981 முதல் இயங்கி வருகின்றன. கத்தோலிக்கர்களுக்குக் காரித்தாஸ் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. குடியேறிகளுக்கென்றே மறைமாவட்டத்தின் ஆணைக்குழு 1998இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய அனுபவத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் பெறலாம்.

ஆலயக் குழு ஒன்றில் இருக்கும் ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னார்: மின்கட்டணம், துப்புரவு, சுவரில் கிறுக்கல், எல்லாம் சபையாரின் காணிக்கையில்தான் போகும், கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று. அது நியாயமான கவலை. உழைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பவர்களின் பணம் அது. அதைச் சில்லறையாக நினைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் வெறுங்கையோடு கேட்கவில்லை. அந்தப் பழைய அறையில் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் ஆறு பேர் இப்போதும் தொடர்பில் இருக்கிறோம். மன்னார்குடிப் பெண்ணும் அதில் ஒருத்தி. இன்று ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். தரை துடைப்பதும் மைலோ வாங்குவதும் எங்கள் பொறுப்பு. மின்கட்டணத்தில் எங்கள் பங்கைக் கொடுப்போம். என் மகன் பல்கலைக்கழக விடுமுறையில் இருக்கிறான். கணக்குச் சொல்லித் தர வருகிறேன் என்று அவனாகவே சொன்னான். அந்த முப்பது சொற்கள் எழுதிய குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறான்.

அந்த நாசரேத்து அம்மாவை மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். முழங்கால் வலியால் வெளியே வருவதில்லை. போனால் முதலில் கேட்பது, “அறையைத் திறந்துவிட்டார்களா?” என்பதுதான். இந்த மாதமும் இல்லை என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை என்றால் எங்கள் எல்லாருக்கும் வசதி. இரண்டு மணிக்கே வந்து நாற்காலிகளை விரித்து வைத்துவிடுவோம். சாவியை யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
ஜூரோங் வெஸ்ட்